மனு ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தண்டிக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு பேச்சுகள் உண்டு. "அவர்கள் கையில் பி.சி.ஆர். இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள்" என்பது ஆதிக்க சாதியினர் வாழும் ஊர்த்தெருவின் பேச்சு; இந்தச் சட்டத்தைத்தான் அங்கே பி.சி.ஆர். என்பார்கள். "நமக்கென்று சட்டம் இருக்கிறது, எதற்குப் பயப்பட வேண்டும்" என்பது எங்கள் தெருவில் கூட்டம் போடும்போது மைக்கில் வருவது. இரண்டையும் கேட்டு வளர்ந்தவள் நான். புகார் கொடுக்கப் போன பிறகு இரண்டுமே பொய் என்று தெரிந்தது. அந்தச் சட்டம் தானாக எழுந்து ஓர் அடிகூட எடுத்து வைக்காது. பிரிவு எண்ணைச் சொல்லி, எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கினால்தான் நகரும். இதை முன்கூட்டியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும். பாதிக்கப்பட்ட இன்னொருவருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஊர் மதுரை மாவட்டத்தில், மேலூருக்கும் கொட்டாம்பட்டிக்கும் இடையில். நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவள், மேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். எங்கள் தெருவுக்குப் போக வேண்டுமானால் ஊரின் பொதுவெளியான மந்தையைக் கடந்துதான் போக வேண்டும், வேறு பாதை கிடையாது. மந்தையில் சாவடிக்கு முன்னால் எங்கள் தெரு ஆட்கள் வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீறியவர் யாருமில்லை. ஸ்கூட்டர் வாங்கிய புதிதில் நானும் இறங்கித்தான் தள்ளினேன். 2024 இறுதியில், மழை பிடித்துக்கொண்ட ஓர் இரவு, இறங்காமல் போனேன். சாவடியில் உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் எழுந்து வந்து வண்டியின் சாவியைப் பிடுங்கினார்கள். சாதிப் பெயரோடு சேர்த்து என் அம்மாவைப் பற்றி ஒரு வசனம் சொன்னார்கள். ஒருவன் தோளில் கை வைத்துத் தள்ளினான். வண்டி என்மேல் சாய்ந்து, இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டது. டீக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் பாய்லரின் நெருப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

அப்பா வேண்டாம் என்றார். அவர் வேலைக்குப் போகும் வயல் அவர்களுடையது. தம்பி திருப்பூரில் இருந்தான். பக்கத்து வீட்டு அக்கா என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் விட்டுவிட்டு, குழந்தையைப் பார்க்க ஓடினார். அங்கேயே முதல் பாடம் கிடைத்துவிட்டது. விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறவர் என்னைப் பார்க்காமலே "வண்டியில் வந்தீர்களா, விழுந்துவிட்டீர்களா" என்று கேட்டார். ஆம் என்று தலையாட்டினால் "இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததாகச் சொல்கிறார்" என்று பதிவாகிவிடும். அந்த ஒரு வரியை வைத்துப் பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் முழு வழக்கையும் விபத்தாக மாற்றிவிட முடியும். "தெரிந்த நபர்கள் மூன்று பேர் தள்ளிவிட்டார்கள், இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு" என்று நான் சொன்னேன். அவர் எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகுதான் ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டினேன். வலி உயிர் போனாலும் இந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் நீங்களே பேசுங்கள், கூட வந்தவர் பேச வேண்டாம். பதிவேட்டின் நகல் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்துக்கு மாவுக்கட்டோடு போனேன். புகார்களை எழுதும் காவலர், ரைட்டர் என்பார்கள், நல்ல மனிதர்தான், உட்கார நாற்காலி போட்டார். "வாயால் சொல்லுங்கள், நானே எழுதுகிறேன்" என்றார். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டிய தாளில் "தகாத வார்த்தைகளால் திட்டி" என்று இருந்தது. சாதி எங்கேயும் இல்லை. மந்தை என்ற சொல்லும் இல்லை, "வழியில்" என்று இருந்தது. பார்த்தால் சின்ன மாற்றம். வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கு 3(1)(ஆர்), சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு 3(1)(எஸ்) என்ற சட்டப் பிரிவுகள் இரண்டும் நிற்பதற்குப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் நடந்தது அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே இடம், நேரம், சுற்றி நின்றவர்கள் யார் யார், சொன்ன வார்த்தை என்ன என்பது அப்படியே எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் சாதி, அவர்கள் சாதி இரண்டையும் எழுதுங்கள். அந்த வார்த்தையைச் சொந்தக் கையால் எழுதுவது கொடுமையானது. எனக்குக் கை நடுங்கியது, வலது கையில் அடி எதுவும் இல்லை. ஆனாலும் எழுதினேன். வாய்மொழியாகச் சொல்லி அவர்கள் எழுதினால், கையெழுத்துக்கு முன் படித்துக் காட்ட வேண்டும், பதிவு செய்ததன் நகலை உடனே தர வேண்டும். இவை 4ஆம் பிரிவில் அரசு ஊழியரின் கடமையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. வேண்டுமென்றே தவறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. "4(2) படி படித்துக் காட்டுங்கள் சார்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்தினால் "பணி செய்ய விடாமல் தடுத்தார்" என்று உங்கள்மேல் திரும்பும்.

அடுத்து, "சர்ச்சுக்குப் போவீர்களா" என்று ஒரு கேள்வி வந்தது. சாதாரணமாகக் கேட்பது போலத்தான் இருக்கும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களுக்கு இடமில்லை. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் மாரியம்மன் படமும் வேளாங்கண்ணி மாதா படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். மந்தையில் இறக்கிவிடும்போது யாரும் மதம் கேட்பதில்லை, காவல் நிலையத்தில் மட்டும் கேட்கிறார்கள் என்பது என் வயிற்றெரிச்சல். சாதிச் சான்றிதழின் நகலை நீட்டினேன், பேச்சு அத்தோடு நின்றது. இந்தச் சான்றிதழ் வீட்டில் இல்லாதவர்கள் இன்றைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். அடி வாங்கிய மறுநாள் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைவது பெரும்பாடு.

இத்தனைக்கும் பிறகு அன்றிரவு எனக்குக் கிடைத்தது மனு ரசீது. சி.எஸ்.ஆர். என்பார்கள். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான். வழக்குப் பதிவு அல்ல. பெரும்பாலான வன்கொடுமைப் புகார்கள் இந்தச் சீட்டிலேயே செத்துப் போகின்றன என்று பிறகு ஒரு வக்கீல் சொன்னார். காரணம் கேட்டால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3)ஐக் காட்டி, பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்றார்கள். அது மற்ற குற்றங்களுக்கு. வன்கொடுமைச் சட்டத்தில் 18ஏ என்ற பிரிவு இருக்கிறது: முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விசாரணை வேண்டும் என்று தீர்ப்பளித்து, நாடு முழுக்கப் போராட்டம் நடந்து, அதே ஆண்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த பிரிவு அது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. மனு ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு வீட்டுக்குப் போய்க் காத்திருக்காதீர்கள். மறுநாளே அதே புகாரை, மனு ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, 173(4) படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் நீதிமன்றத்தை நாட அந்த ஒப்புகை அட்டைதான் உங்கள் ஆதாரம். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். நான் இரண்டையும் செய்தேன்.

இடைப்பட்ட நாட்களில் பேச்சுவார்த்தை நடந்தது. அது தனி நரகம். மண்டபம் ஒன்றில் அப்பாவை வரவழைத்து, ஊர்ப் பெரியவர்கள், கட்சிக்காரர் ஒருவர், எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் என உட்கார்ந்து, "மருத்துவச் செலவைக் கொடுத்துவிடுகிறோம், சின்னப் பையன்கள், பிள்ளைக்கும் கல்யாணம் ஆக வேண்டாமா" என்றார்கள். காவல்துறைக்கே அமைச்சராக இருந்த கக்கன் பிறந்த தும்பைப்பட்டி எங்களுக்கு ரொம்ப தூரமில்லை. தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக நின்று ஜெயித்ததற்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிய மேலவளவும் இதே வட்டாரம்தான். அப்பா மேலவளவை நினைத்துத்தான் பயந்தார், எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பேச்சுவார்த்தையில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா வந்துபோனதற்கு" என்று வாங்கும் கையெழுத்து, மறுநாள் "புகாரைத் தொடர விருப்பமில்லை" என்ற கடிதமாக நிலையத்தில் இருக்கும். எங்கள் தெருவிலேயே இன்னொருவருக்கு இப்படி நடந்திருக்கிறது.

ஒருவழியாக எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். நகலைப் படித்தால் 3(1)(ஆர்), (எஸ்), காயத்துக்கு உரிய பிரிவு எல்லாம் இருந்தன, வண்டியை மறித்ததற்கு எதுவும் இல்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தில் 3(1)(இசட்.ஏ) என்று ஒரு பிரிவு உண்டு. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்று வரிவரியாகச் சொல்கிறது. எழுதியவர்கள் எங்கள் மந்தையில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று தோன்றியது. இந்தச் சட்டத்தில் டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அவருக்கு மனுப் போட்டு இந்தப் பிரிவைச் சேர்க்கச் சொன்னேன். சேர்ந்தது. இது எதற்கு முக்கியம் என்றால், இது இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்கு "இரவில் நடந்த ஒரு வாய்த்தகராறு" ஆகிவிடும். அன்றைக்கு நடந்தது தகராறு அல்ல, பாதை மறுப்பு.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. நான் வண்டியை ஒரு பெரியவர்மேல் மோதியதாகவும், தட்டிக் கேட்டவர்களை என் தம்பி கட்டையால் தாக்கியதாகவும் எதிர்ப் புகார் வந்தது. தம்பி அன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட். அவனை ஏன் சேர்த்தார்கள் என்றால், அவன் சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் போலீஸ் வேலைக்கான சரிபார்ப்பில் சிக்கல் என்பது எல்லோருக்கும் தெரியும். "இரண்டு பக்கமும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்" என்ற பேரம் இந்த இடத்தில்தான் வந்தது. அந்த வாரம் தம்பி என்னோடு பேசவில்லை. நானும் வாபஸ் வாங்கிவிடலாமா என்று நினைத்தேன், மறைப்பதற்கில்லை. கம்பெனியின் வருகைப் பதிவேட்டு நகலையும், கேமரா பதிவு இருக்கிறது என்று மேலாளர் கொடுத்த கடிதத்தையும் அவன் வாங்கி அனுப்பிய பிறகு டி.எஸ்.பி. அலுவலகம் அவன் பெயரை நீக்கியது. கேமரா பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். எதிர் வழக்கு வரும் என்று எதிர்பார்த்து, உங்கள் வீட்டு ஆண்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்பதற்கான அத்தாட்சியை முதல் வாரத்திலேயே சேகரித்துவிடுங்கள்.

வீட்டில் இரண்டு கறவை மாடுகள். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு பால் எடுக்கும் இடத்தில் அம்மாவின் கேனில் லாக்டோமீட்டரைப் போட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தண்ணீர் கலந்திருக்கிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும். அதே மாடு, அதே புல். அம்மா அந்தக் கேனை மேலூர் வரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோய் டீக்கடைகளில் பாதி விலைக்கு ஊற்றிவிட்டு வந்தார். அப்பாவுக்கு வயல் வேலை நின்றது. பொருளாதாரப் புறக்கணிப்பும் சமூகப் புறக்கணிப்பும் 3(1)(இசட்.சி) படி தனிக் குற்றம். ஆனால் நிரூபிப்பது கடினம், யாரும் "உன் சாதிக்காகத்தான் வாங்கவில்லை" என்று எழுதித் தரப்போவதில்லை. பால் அட்டையில் முந்தைய மாதங்களின் அளவும் தொகையும் தேதியோடு இருந்தது. அந்த அட்டையின் நகலை வைத்து டி.எஸ்.பி.க்கு இன்னொரு மனுக் கொடுத்தோம். அவர் ஒருமுறை பால் எடுக்கும் இடத்துக்கு ஆள் அனுப்பினார். பாலில் தண்ணீர் அன்றோடு வற்றிவிட்டது.

அந்த மூன்று பேரின் ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் சேதி முந்தைய நாள் சாயங்காலம் ஒரு போன் அழைப்பில் வந்தது. "நாளை காலை கோர்ட், வந்தால் வாருங்கள்." 15ஏ பிரிவின்படி ஜாமீன் உட்பட எல்லா விசாரணைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் அறிவிப்பு தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். 2021இல் உச்ச நீதிமன்றம் இது கட்டாயம் என்று சொல்லியிருக்கிறது. இரவோடு இரவாக ஒரு வக்கீலைப் பிடித்து 15,000 ரூபாய் கொடுத்தேன். நண்பரிடம் கைமாற்று வாங்கிய பணம். ஜாமீன் கிடைத்தது, ஆனால் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது, சாட்சிகளோடு பேசக்கூடாது என்ற நிபந்தனைகள் வக்கீல் எழுந்து கேட்டதால்தான் வந்தன. அதற்குப் பிறகுதான் தெரிந்தது: பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. அந்த வாசலை நான் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன், நிலையத்திலோ மருத்துவமனையிலோ ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை. எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்த அன்றே அங்கே போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தனியார் எலும்பு மருத்துவர், எக்ஸ்ரே 4,500. வண்டி பழுது 3,200. இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாமல் போன சம்பளம் 26,000. மூன்றாம் மாதம் "வழக்கு முடிந்து வாருங்கள்" என்று வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். வக்கீல் 15,000. தட்டச்சு, ஜெராக்ஸ், தபால், பஸ் எல்லாம் சேர்ந்து 5,000 இருக்கும். பால் நட்டத்தைச் சேர்க்காமலே 53,000க்கு மேல். சட்டத்தின் விதிகளில் நிவாரணத் தொகை உண்டு. நான் சொன்ன (ஆர்), (எஸ்) பிரிவுகளுக்கு 1 லட்சம்: எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, தண்டனை கிடைத்தால் மீதி 25. உடனடி நிவாரணத்தை ஏழு நாளில் தர வேண்டும் என்று விதி 12(4) சொல்கிறது. எனக்கு 25,000 வந்து சேர மாதங்கள் ஆயின. அதுவும் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்ட பிறகு. "காசுக்காகக் கேஸ் போட்டாள்" என்று ஊரில் சொன்னார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

போலீஸ் விசாரணை 60 நாளில் முடிய வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். தாமதமானது, காரணம் யாரும் எழுதவில்லை. ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவுக்கு என் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மனு அனுப்பினேன். அதன் பிறகு குற்றப்பத்திரிகை தாக்கலானது. மனுவால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, நான் அப்படித்தான் நம்புகிறேன். டீக்கடைக்காரர் "நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, கடை அவர்கள் இடத்தில் இருக்கிறது. சாட்சியாக நிற்பது கல்லூரி முடிந்து அந்த நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பையனும், என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போன அக்காவும்தான்.

வழக்கு இப்போது மதுரை சிறப்பு நீதிமன்றத்தில். குற்றப்பத்திரிகை வந்த இரண்டு மாதத்தில் நீதிமன்ற விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம், வாய்தா போய்க்கொண்டிருக்கிறது. மேலூர் பஸ்ஸில் மாட்டுத்தாவணி, அங்கிருந்து அண்ணா பேருந்து நிலையம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. அக்கா களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பஸ் கட்டணமும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் தர வேண்டும் என்று விதி 11 இருக்கிறது. இதுவரை யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து, டிக்கெட்டுகளை ஒரு தாளில் ஒட்டி, மனு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாய்தா அன்று கொடுத்து முத்திரை வாங்க வேண்டும்.